இரு நண்பரும் ஓர் இசைக்குழுவும்

ஒரு நகரத்திற் புதிதாகப் பாலம் ஒன்று எழும்போது அதற்கு அரசரின் பெயரையோ, ஆளுநரின் பெயரையோ, அமைச்சரின் பெயரையோ சூட்டுவது உலக வழக்கு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனும் இவ்வழக்கிற்கு விலக்கன்று. அந்நகரை ஊடறுத்து வளைந்து வளைந்து ஓடும் ஆற்றின்மேல் விக்டோரியா மகாராணியின் பெயரால் ஒரு பாலம் உண்டு. கப்டன் குக்கின் பெயரால் மற்றொன்று உண்டு. மாநகர முதல்வராயிருந்த வில்லியம் ஜொலியின் பெயராலும், மாநில அரசின் உயர் அலுவலராயிருந்த ஸ்டோரியின் பெயராலும் பாலங்கள் உண்டு. இவற்றினிடையே, 2010ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் திகதி போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்ட பாலமொன்று ‘கோ-பிற்வீன் பாலம்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அஃது ஆட்சியாளர் எவருடைய பெயருமன்று. கிற்றாரும் முரசுமாக அந்நகரிலே தொடங்கிய ஒரு சிறு பொப் இசைக்குழுவின் பெயர். அக்குழுவின் தனிப்பாடல் இசைத்தட்டு எதுவும் தன் நாட்டிலாயினும் பிரித்தானியாவிலாயினும் விற்பனைப் பட்டியலின் முதல் நாற்பது இடங்களுள் ஒருபோதும் ஏறியதில்லை. அங்ஙனமிருக்க, ஒரு மாநகரம் தன் பாலத்தை அவர்களுக்கு ஈந்தது எவ்வாறு? அதனை அறிய முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

பொப்பிசை என்னும் சொல் ஈழத்து நேயர்களுக்குப் புதிதன்று. எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய துள்ளிசைப் பாடல்களை வானொலியிற் கேட்டு மகிழ்ந்தோர் நம்மிடையே இன்னும் பலர். ஆனால் ‘இண்டி பொப்’ என்பது அதன் தனிக்கிளை. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராது, தம் கைப்பொருளையோ சிறு வெளியீட்டாளரையோ நம்பித் தட்டு வெளியிடும் சுயாதீனக் குழுக்களின் இசைக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் என்னும் குழுவினர் 1977ஆம் ஆண்டு சனவரியில் தாமாகவே ஒரு தட்டை வெளியிட்டனர். இவ்வியக்கத்தின் தொடக்கமென அதனையே ஆங்கில எழுத்தாளர் பலர் சுட்டுவர். உண்மையை நோக்கின், அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே, 1976 செப்டெம்பரில், பிரிஸ்பேன் நகரத்து ‘செயின்ற்ஸ்’ என்னும் குழுவினர் தாமே ஒரு பெயரை இட்டுத் தம் முதற் பாடலைத் தட்டாக்கி வெளிநாடுகளுக்கும் அனுப்பியிருந்தனர். வரலாற்றைத் தலைநகரங்களில் இருந்து எழுதுவோர்க்கு ஓரத்து ஊர்கள் கண்ணிற் படுவதில்லை. 1980ஆம் ஆண்டு சனவரியில் இத்தகைய வெளியீடுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் ஒன்று பிரித்தானியாவில் தொடங்கப்பெற்றது. அதன்பின் ‘இண்டி’ என்பது வாணிப முறையின் பெயராக மட்டும் நில்லாது, ஒருவகை இசையின் பெயராகவும் நிலைபெற்றது.

எழுபதுகளின் பிரிஸ்பேன், இளைஞருக்கு இனிய ஊராக இருக்கவில்லை. 1968 முதல் 1987 வரை ஜோ பியெல்கே-பீற்றர்சன் என்பவர் மாநிலத்தின் முதலமைச்சராயிருந்தார். 1977 செப்டெம்பரில் வீதி ஊர்வலங்களுக்கு அவர் தடை விதித்தார். தடையை மீறியோர் நூற்றுக்கணக்கிற் கைதாயினர். இளைஞர் கூடி இசை நிகழ்த்தும் மண்டபங்களுட் பொலிசார் புகுவது வழமையாயிற்று. பின்னாளில், 1987 முதல் 1989 வரை நடைபெற்ற ஃபிற்ஸ்ஜெரால்ட் விசாரணையில் அந்த ஆட்சியின் ஊழல்கள் வெளிப்பட்டு, பொலிஸ் தலைவரும் அமைச்சர் சிலரும் சிறை செல்ல நேர்ந்தது. ஆயினும் அக்காலத்து இளைஞருக்கு ஒரு புகலிடம் இருந்தது, அது வானொலி. 1975 டிசெம்பரில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் 4இசட்இசட்இசட் என்னும் சமூக வானொலி நிலையம் மாணவராலும் ஆர்வலராலும் தொடங்கப்பெற்றது. வேறெந்த நிலையமும் தொடத் துணியாத செய்திகளையும் இசையையும் அது ஒலிபரப்பிற்று. அதன் ஒலிவாங்கியின் முன் நின்ற உள்ளூர்க் குழுக்கள் பல. பெருநகரங்களுக்குத் தொலைவிலுள்ள ஊர்களில் ஒரு வானொலி நிலையம் என்ன செய்யவல்லது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அதே பல்கலைக்கழகத்திலேதான் ரொபேட் போர்ஸ்டரும் கிராண்ட் மக்லெனனும் ஒருவரையொருவர் கண்டனர். இருவரும் கலைத்துறை மாணவர். போர்ஸ்டர் 1957இல் பிரிஸ்பேனிற் பிறந்தவர்; நெடிய உருவம், நாடகப் பாங்கான நடை, சற்றே விசித்திரமான பேச்சு. மக்லெனன் 1958இல் றொக்ஹம்ரன் என்னும் வடபுலத்து ஊரிற் பிறந்தவர். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் புரிந்து வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வாழ, சிறுவன் பிரிஸ்பேனில் உள்ள விடுதிப் பாடசாலையில் வளர்ந்தான். நூல்களும் திரைப்படங்களுமே அவருக்குத் துணை. பல்கலைக்கழகத்துத் திரையரங்கில் வேலை பார்த்து, பிரெஞ்சுத் திரைப்படங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்.

போர்ஸ்டருக்குப் பாட்டெழுத வரும், நண்பர்கள் இல்லை. மக்லெனனுக்கு அறிவும் நட்பும் உண்டு; எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. குழுவொன்று தொடங்கலாம் என்று போர்ஸ்டர் கேட்டபோது மக்லெனன் முதலில் மறுத்துவிட்டார். பின்னர் இணங்கினார். போர்ஸ்டர் தம் நண்பருக்கு அடித்தொனிக் கிற்றார் வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். மக்லெனன் தம் நண்பருக்கு நூல்களையும் திரைப்படங்களையும் அறிமுகஞ் செய்துவைத்தார். பண்டமாற்றுப் போலத் தொடங்கிய இந்த நட்பே 1977 டிசெம்பரில் ‘கோ-பிற்வீன்ஸ்’ என்னும் குழுவாக உருப்பெற்றது. இருவர்க்கிடையே செய்தி கொண்டு செல்வோர் என்பது அப்பெயரின் பொருள். நம் இலக்கியத்தில் அன்னமும் கிளியும் முகிலும் செய்த தொழில் அது.

இங்கு ஒரு செய்தியைக் குறித்துக் கொள்ளல் தகும். இசை தெரிந்த நண்பரைத் தேடிக் குழு அமைப்பதே உலக வழமை. போர்ஸ்டரோ நண்பரைத் தேர்ந்த பின்னரே அவருக்கு இசையைக் கற்பித்தார். வாத்தியத் திறமையிலும் மனப்பொருத்தமே முதன்மையானது என்ற இவ்வெண்ணம் சுயாதீன இசை இயக்கம் முழுவதற்குமே அடிப்படையாயிற்று. அதன் வலிமையும் அதுவே, அதன் குறையும் அதுவே. தொடக்கக் காலத் தட்டுகளிற் காணப்படும் தடுமாற்றத்தைக் குழுவினர் பின்னாளில் மறைக்க முயன்றதுமில்லை.

1978ஆம் ஆண்டு இருவரும் ஏபிள் லேபல் என்னும் சிறு பெயரின் கீழ்த் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் லீ றெமிக் என்னும் அமெரிக்கத் திரைப்பட நடிகையைப் பற்றிய பாடல். மறுபக்கத்தில் நூலகத்திற் பணிபுரியும் ஒரு பெண்ணைப் பற்றிய ‘கரென்’ என்னும் பாடல். கலகமும் சினமும் கொப்பளித்த பங்க் இசையின் காலத்தில், நூலகப் பெண்ணின் நற்பண்பைப் புகழ்ந்து ஒருவன் உருகிப் பாடியது துணிவுதான். தம் இசையைக் கோடு கோடாக விழும் வெயிலுக்கு அவர்கள் ஒப்பிட்டனர். பிரிஸ்பேன் நகரத்து மரவீடுகளின் விறாந்தையில், பலகை இடைவெளிகளூடே விழும் பிற்பகல் வெயிலைக் கண்டவர்க்கு அவ்வுவமையின் அருமை விளங்கும்.

1979ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர் இருவரும் கிற்றார்களைச் சுமந்துகொண்டு இலண்டனுக்குச் சென்றனர். அங்கிருந்து ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அழைப்பு வந்தது. அலன் ஹோர்ன் என்னும் இளைஞர் தமது குடியிருப்பிலிருந்தே ‘போஸ்ட்கார்ட்’ என்னும் வெளியீட்டை நடத்திவந்தார். ‘ஒரேஞ்ச் ஜூஸ்’ என்னும் குழுவும் அவரைச் சார்ந்ததே. 1980இல் கோ-பிற்வீன்ஸ் குழுவின் ஒரு பாடலை போஸ்ட்கார்ட் வெளியிட்டது; அதற்கு முரசு வாசித்தவர் ஒரேஞ்ச் ஜூஸைச் சேர்ந்த ஸ்டீவன் டேலி. மென்மையும் நகைச்சுவையும் நாணமும் கலந்த பாடல்களை அங்குள்ளோர் எழுதிக்கொண்டிருந்தனர். உலகின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் அறியாது, ஒரேவகையான இசையை இளைஞர் உருவாக்கிக்கொண்டிருந்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஊர் திரும்பியதும் குழுவிற்கு நிலையான முரசுக் கலைஞர் ஒருவர் கிடைத்தார். லிண்டி மொரிசன் 1951இற் பிறந்தவர். நண்பர் இருவரினும் ஆறேழு ஆண்டு மூத்தவர். சமூக சேவகராகப் பயின்று, ஆதிக்குடி மக்களுக்கான சட்ட உதவி நிலையத்திற் பணியாற்றியவர். உலக அனுபவம் மிக்கவர், உரத்துச் சிரிப்பவர், மனத்திற் பட்டதை மறைக்காமற் சொல்பவர். நூல்களுக்குள் வாழ்ந்த இரு இளைஞரின் நடுவே அவர் வந்தமை, மூடிய அறையிற் சாளரத்தைத் திறந்தது போலாயிற்று. போர்ஸ்டருக்கும் அவருக்கும் காதலும் மலர்ந்தது. இவ்வகை இசைக்குழுக்களிற் பெண்ணொருவர் முரசு வாசிப்பது அக்காலத்தில் அரிது. பத்திரிகையாளர் பலர் அவரது வாசிப்பைப் பற்றி எழுதாமல் அவரது தோற்றத்தைப் பற்றியும் காதலைப் பற்றியுமே எழுதினர். இந்த அநீதி பின்னரும் தொடர்ந்தது.

இம்மூவரும் 1981இல் முதலாவது முழுநீள இசைத்தட்டை வெளியிட்டு, மறுபடியும் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தனர். கையிற் பணமில்லை, குளிர் தாங்கவொண்ணாதது, தங்கிய இடங்களோ இடிந்துவிழும் நிலையிலிருந்த வீடுகள். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய நிக் கேவ் என்னும் பாடகரும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து அவ்வாறே வாழ்ந்துகொண்டிருந்தார். 1982இல் ஒருநாள் நிக் கேவின் வீட்டில், அவருடைய கிற்றாரை எடுத்து வைத்துக்கொண்டு மக்லெனன் ஒரு பாடலை இயற்றினார். ‘கற்றில் அண்ட் கேன்’ என்னும் அப்பாடலுக்கு ‘கால்நடையும் கரும்பும்’ என்பது பொருள்.

அப்பாடலைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். விடுமுறைக்காகப் புகைவண்டியில் வீடு திரும்பும் ஒரு பள்ளிச் சிறுவன். இருபுறமும் கரும்புத் தோட்டங்கள். இறந்துபோன தந்தையின் கைக்கடிகாரம் பாடசாலையில் தொலைந்துபோன துயரம். பின்னர் அவன் முன் விரியும் நூல்களின் உலகம் — இவ்வளவே அதன் பொருள். காதல் இல்லை, கலகம் இல்லை. இலண்டன் குளிரில் நடுங்கிய ஓர் இளைஞனின் உள்ளத்திலே எழுந்த வடகுயின்ஸ்லாந்தின் வெம்மை அது. தம் தாயாரை மகிழ்விக்கவே அதனை எழுதியதாக மக்லெனன் கூறியதுண்டு. தாயார் வாழ்ந்த பண்ணைக்கு மின்சாரம் எட்டாமையால், தொலைபேசியிலேயே அதனை அவருக்குப் பாடிக்காட்ட வேண்டியிருந்ததாம். இதன் தாள அமைப்பும் தனித்தன்மையானது. பொப்பிசையின் தாளம் நான்கு நான்காக எண்ணி முடிவது. இப்பாடலோ அவ்வெண்ணிக்கையுள் அடங்காது, ஒரு கால் தடுக்கி மறுகால் ஊன்றுவது போல நடக்கிறது. கண்டமும் மிஸ்ரமும் கேட்டுப் பழகிய நம்மவர் செவிக்கு இஃது அரிதன்று. மேனாட்டுப் பொப்பிசைக்கோ மிக அரிது. மக்லெனன் தாம் அறியாமலே அமைத்த அந்த நடையைக் கணக்கிட்டு நிலைநிறுத்தியவர் மொரிசன். அவர் முரசை மாற்றிவிட்டால் பாடலே சரிந்துவிடும்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஈஸ்ற்போர்ண் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பெற்று, 1983இல் ரஃப் ட்ரேட் நிறுவனத்தால் வெளியிடப்பெற்ற ‘பிஃபோர் ஹொலிவூட்’ என்னும் தட்டில் இப்பாடல் இடம்பெற்றது. விமர்சகர் போற்றினர். விற்பனையோ சொற்பம். 2001ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியப் பாடலாசிரியர் உரிமைச் சங்கம் அந்நாட்டின் தலைசிறந்த முப்பது பாடல்களைத் தெரிந்தபோது அவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அதன்பின் மக்லெனன் கிற்றாருக்கு மாற, அடித்தொனி வாசிக்க ரொபேட் விக்கேர்ஸ் வந்து சேர்ந்தார். அடுத்த தட்டை 1984இல் சயர் என்னும் பெருநிறுவனம் வெளியிட்டது, அவ்வுறவு நிலைக்கவில்லை. 1986 முதல் பெகர்ஸ் பாங்குவெற் நிறுவனம் ஆதரித்தது. நிறுவனம் மாறிய ஒவ்வொரு முறையும் குழு புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ரஃப் ட்ரேட் நிறுவனத்தில் இவர்களுக்குப் பின் சேர்ந்த ஸ்மித்ஸ் குழு ஓரிரு ஆண்டுகளிலேயே பிரித்தானியா முழுவதும் பேசப்பட்டது. திறமையில் இவர்கள் குறைந்தவரல்லர். ஆயின் ஸ்மித்ஸ் குழுவின் மொரிசேயைப் போலப் பத்திரிகைகளுக்குத் தலைப்பு வழங்கவல்ல ஒருவர் இவர்களிடத்தில் இல்லை. இரு பாடகரும் இரு குரலும் இரு மனப்பாங்கும் கொண்ட குழுவை ஒரே சொல்லில் விளம்பரஞ் செய்வதும் எளிதன்று. போர்ஸ்டரின் பாடல்கள் கூர்மையும் எள்ளலும் மிக்கவை. மக்லெனனின் பாடல்கள் இனிமையும் ஏக்கமும் மிக்கவை. ஒவ்வொரு தட்டிலும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாக இவை மாறி மாறி வரும். ஒருவரைக் கேட்டு அலுக்குமுன் மற்றவர் வந்துவிடுவதே அத்தட்டுகளின் சுவை.

1986இல் அமாண்டா பிரவுண் குழுவிற் சேர்ந்தார். வயலினும் ஓபோ என்னும் துளைக்கருவியும் வாசிக்கவல்ல இளம்பெண் அவர். ‘தலூலா’ என்னும் 1987ஆம் ஆண்டுத் தட்டில் அவரது வயலின் சேர்ந்தமையால் குழுவின் இசை புதுப்பொலிவு பெற்றது. மக்லெனன் அவர்மீது ஆழ்ந்த காதல் கொண்டார். அவரும் மக்லெனனை விரும்பினார். அதற்குள் போர்ஸ்டரும் மொரிசனும் காதலராயிருந்த நிலை முடிவுக்கு வந்துவிட்டது; ஆயினும் இருவரும் ஒரே மேடையில் தொடர்ந்து நின்றனர். ஒரு காதல் பூப்பதும் ஒரு காதல் உதிர்வதும் ஒரே குழுவினுள் நிகழ்ந்தன.

1987ஆம் ஆண்டின் இறுதியில் குழுவினர் இலண்டனை விட்டுச் சிட்னி நகருக்குத் திரும்பினர். விக்கேர்ஸ் விலக, அவரிடத்திற்கு ஜோன் வில்ஸ்ரீட் வந்தார். நீண்டகாலக் குளிருக்குப் பின் கிடைத்த வெயிலும் கடலும் மக்லெனனின் காதலும் சேர்ந்து ‘சிக்ஸ்ரீன் லவர்ஸ் லேன்’ என்னும் தட்டை உருவாக்கின. 1988இல் வெளிவந்த அதில் பத்துப் பாடல்கள். அக்குழுவின் உச்சமெனப் பலரும் கருதுவது அதனையே. அதிலுள்ள ‘ஸ்ரீற்ஸ் ஒஃப் யுவர் டவுண்’ என்னும் பாடல் கோடைகாலத்து மென்காற்றுப் போல இனிமையானது. ஆனால் கூர்ந்து கேட்பின், அந்த நகரத்து வீடுகளுள் மனைவியரை அடிக்கும் கணவரைப் பற்றிய குறிப்பொன்று அவ்வினிமைக்குள் மறைந்திருப்பது புலனாகும். இது நிச்சயம் பெருவெற்றி பெறுமென்று எல்லோரும் நம்பினர். வானொலி நிலையங்கள் சில ஒலிபரப்பின, மக்கள் வாங்கவில்லை. 1989இல் ஆர்.ஈ.எம். என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவுடன் ஐரோப்பாவிற் சுற்றுப்பயணம் செய்து, பல்லாயிரவர் முன் வாசித்தும் பயன் விளையவில்லை.

எட்டாண்டு காலத்தில் ஆறு முழுநீளத் தட்டுகள். கையில் மிஞ்சியது கடன். 1989 டிசெம்பரில் போர்ஸ்டரும் மக்லெனனும் தமக்குள் கலந்துபேசிக் குழுவைக் கலைத்துவிட முடிவு செய்தனர். அம்முடிவை எடுக்கையில் மற்றையோரைக் கலந்துகொள்ளவில்லை. முடிவைத் தெரிவிப்பதிலும் வேலையைப் பங்கிட்டுக் கொண்டனர்: மொரிசனிடம் சொன்னவர் போர்ஸ்டர், பிரவுணிடம் சொன்னவர் மக்லெனன். குழு முடிந்தாலும் காதல் நிலைக்குமென மக்லெனன் நம்பியிருந்தார். பிரவுண் அன்றே அவரைப் பிரிந்து சென்றார். தம் உழைப்பாலும் கலையாலும் உருவான ஒன்றைத் தம்மைக் கேளாமலே கலைத்துவிட்டனரே என்ற மனப்புண் இரு பெண்களுக்கும் பல்லாண்டு காலம் ஆறவில்லை. குழுவின் வரலாற்றை எழுதுவோர் இரு ஆடவரின் நட்பைக் காவியமாக்கும்போது இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுவர். அது முறையன்று. அந்நட்பின் ஒளி பெரிதுதான். அதன் நிழலில் நின்றவரும் உளர். 2017இல் கிரிவ் ஸ்டெண்டேர்ஸ் இக்குழுவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் மொரிசனும் பிரவுணும் தம் பக்கத்தை ஒளிவு மறைவின்றிக் கூறியுள்ளமை நன்று.

அடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வொருவரும் தத்தம் வழியிற் சென்றனர். மொரிசனும் பிரவுணும் ‘கிளியோபற்றா வொங்’ என்னும் குழுவைச் சிலகாலம் நடத்தினர். போர்ஸ்டர் ஜெர்மனியிற் குடியேறி, மணம் புரிந்து, பெர்லின் நகரில் தம் முதல் தனித்தட்டைப் பதிவு செய்தார். மக்லெனன் நான்கு தனித்தட்டுகள் வெளியிட்டார். அவற்றுள் 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரிற் பதிவான இரட்டைத் தட்டு குறிப்பிடத்தக்கது. பாடல்கள் ஊற்றாகப் பெருகினும் மனத்தின் தனிமை தீரவில்லை. மதுவும் அவரைப் பற்றியிருந்தது.

2000ஆம் ஆண்டில் நண்பர் இருவரும் மீண்டும் கோ-பிற்வீன்ஸ் என்னும் பெயரை ஏற்றனர். இம்முறை அடில் பிக்வான்ஸ் என்னும் பெண்மணி அடித்தொனி வாசித்தார். மொரிசனும் பிரவுணும் அழைக்கப்பெறவில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், ‘சிலீற்றர்-கினி’ குழுவின் பெண்கள் மூவரும் துணைநிற்கப் பதிவான தட்டு முதலில் வந்தது. 2003இல் மற்றொன்று, 2005இல் ‘ஓஷன்ஸ் அபார்ட்’. இவற்றுள் மூன்றாவதே சிறந்தது. அதற்கு அவுஸ்திரேலிய இசைத்தட்டுத் துறையினரின் ஏரியா விருதும் கிடைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் கிடைத்த அவ்விருது, வயதுவந்தோர்க்குரிய சமகால இசை என்னும் பிரிவில் வழங்கப்பட்டது. இதில் நகைப்பதா, மகிழ்வதா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

வெற்றி வாயிற்படி ஏறிவந்த அவ்வேளையில் விதி வேறாயிற்று. 2006ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, பிரிஸ்பேனில் தாம் புதிதாகக் குடியேறிய வீட்டில் நண்பர்களுக்கு விருந்தளிக்க மக்லெனன் ஏற்பாடு செய்திருந்தார். அன்று பிற்பகல் இளைப்பாறச் சென்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது நாற்பத்தெட்டு. விருந்துக்கென வந்தவர் துக்கத்திற்கு வந்தவராயினர்.

பாரி மறைந்தபின் கபிலர் அடைந்த நிலையைத் தமிழ் கற்றோர் அறிவர். இருப்பவன் இறந்தவனுக்குச் செய்யும் கடன் எதுவென்ற கேள்வி போர்ஸ்டரின் முன் நின்றது. குழுவின் பெயரை அவர் அத்துடன் முடித்துக்கொண்டார். வேறொருவரைச் சேர்த்து அப்பெயரில் வாழ எண்ணவில்லை. நண்பர் முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற மூன்று பாடல்களுக்குச் சொல் எழுதி நிறைவு செய்து, 2008இல் தாம் வெளியிட்ட ‘இவாஞ்சலிஸ்ட்’ என்னும் தட்டிற் சேர்த்தார். 2005 முதல் ‘மன்த்லி’ என்னும் சஞ்சிகையில் அவர் எழுதிய இசை விமர்சனங்கள் 2006இல் பாஸ்கல் பரிசைப் பெற்றன. 2016இல் ‘கிராண்ட் அண்ட் ஐ’ என்னும் நூலில் நட்பின் வரலாற்றைத் தாமே எழுதினார். தம் குறைகளையும் நண்பரின் குறைகளையும் மறைக்காத நூல் அது. இசைக்கலைஞர் எழுதும் தன்வரலாறுகளில் அவ்வளவு நேர்மையைக் காண்பது அரிது.

பாலத்தின் செய்தி இக்காலத்தது. பெயரைத் தெரிய மாநகரசபை பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது இப்பெயரே வென்றது. ஆற்றின் இரு கரைகளை இணைப்பதற்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை என்பதும் அதற்குத் துணையாயிற்று. பொலிசாருக்கு அஞ்சி இளைஞர் வெளியேறிய நகரம், அவ்விளைஞரின் பெயரைத் தன் வீதிப்பலகையில் எழுதிக்கொண்டது. ஆனால் அப்பாலம் சுங்கம் அறவிடும் பாலம். வாழ்நாளிற் பெரும்பகுதியைக் காசில்லாமற் கழித்த குழுவின் பெயரைக் கடந்து செல்லக் காசு கொடுத்தாக வேண்டும்.

மொரிசன் சமூக சேவைக்கே மீண்டார். நோயாலும் வறுமையாலும் நலிந்த இசைக்கலைஞருக்கு உதவும் ‘சப்போர்ட் அக்ட்’ என்னும் நிதியத்திற் பணியாற்றிய அவருக்கு 2013இல் அவுஸ்திரேலிய அரசு தேசிய விருதொன்றை அளித்தது. பிரவுண் திரைப்பட இசையமைப்பாளராகி, 2019இல் வெளிவந்த ‘பேபிரீத்’ உட்படப் பல படங்களுக்கு இசை வழங்கினார். வில்ஸ்ரீட் பிரிஸ்பேனிற் பல்கலைக்கழக ஆசிரியரானார்.

குழுவின் பழைய தட்டுகள் 2015இலும் 2019இலும் இரு பெரும் தொகுப்புகளாக வெளிவந்தன. முதற்றொகுப்பை முந்தி வாங்கியோருக்கு ஒரு பரிசு காத்திருந்தது. மக்லெனனின் சொந்த நூலகத்திலிருந்த நூல்களை அப்பெட்டிகளுள் ஒவ்வொன்றாக இட்டு அனுப்பினர். வாத்தியம் அறியாது புத்தகங்களுடன் வந்த மாணவனின் புத்தகங்கள், அவனை ஒருபோதும் கண்டிராதோரின் அலமாரிகளிற் சென்று சேர்ந்தன.

போர்ஸ்டரின் மகன் லூயிஸ் தன் பாடசாலைப் பருவத்திலேயே பிரிஸ்பேனில் ‘கூன் சக்ஸ்’ என்னும் இண்டி பொப் குழுவைத் தோழருடன் தொடங்கி, 2016இற்கும் 2021இற்கும் இடையில் மூன்று தட்டுகள் வெளியிட்டார். அக்குழுவின் முரசுக் கலைஞரும் ஒரு பெண்ணே. 2021இல் தாயார் கொடிய நோயுற்றபோது வீட்டிற் குடும்பத்தினர் அனைவரும் கூடி அமர்ந்து வாசிக்கலாயினர். அவ்வாறு வாசித்த பாடல்களைத் தந்தை 2023இல் தட்டாக வெளியிட்டார். அதில் லூயிஸ் கிற்றார் வாசிக்கிறார். அடித்தொனி வாசித்தோருள் அடில் பிக்வான்ஸும் ஒருவர்.